கழுத்தில் ஒரு ஊசியா, இரவில் ஒரு குளிசையா?

"மச்சாள், கழுத்தில ஒரு ஊசி போட்டா இந்த வெக்கை எல்லாம் நிண்டிடுமாம். கனடாவில இருந்து மகள் சொல்லுறாள். உண்மையோ?"

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தம்பியின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இப்படிக் கேட்டார். அவருக்கு 47 வயது. மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது தினமும் தமொக்சிபன் குளிசை எடுக்கிறார். கீமோவோடு மாதவிடாய் நின்றது. நின்ற கையோடு வெக்கை தொடங்கியது. நான் போனபோது கட்டிலின் கால்மாட்டில் நான்கு துவாய்கள் மடித்து வைத்திருந்தார். ஓர் இரவுக்கு நான்கு. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும், கழுத்து, முகம், காது வரை ஏறும், மூன்று நான்கு நிமிடம் கொதிக்கும், பிறகு உச்சந்தலையிலிருந்து வேர்த்து ஊற்றும், அது அடங்கினதும் உடம்பு குளிர்ந்து நடுங்கும். தலையணை உறையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்றார். இரவு முழுக்க ஓடும் ஃபேன் காற்றில் தம்பிக்குத் தடிமன் பிடித்து, அவன் ஹோலில் பாய் போட்டுப் படுக்கிறான்.

"இந்தக் குளிசையை விட்டிட்டா எல்லாம் சரியாகிடும் எண்டு நினைக்கிறன்" என்று அவர் மெல்லச் சொன்னபோதுதான் எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. வெக்கை தாங்காமல் தமொக்சிபனை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திய பெண்களை நான் கண்டிருக்கிறேன். புற்றுநோய் திரும்பி வராமல் காவல் நிற்கிற குளிசை அது. அதை விடாமல் வெக்கையை அடக்க என்ன வழி என்று அன்று மத்தியானம் வரை இருவரும் இருந்து கதைத்தோம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற வேறு பெண்களுக்கும் உதவட்டும்.

முப்பது வருடம் நான் தாதியாக இருந்தவள். அதில் பாதிக்காலம் சத்திரசிகிச்சைக் கூடத்தில். மகள் சொன்ன அந்தக் கழுத்து ஊசி எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் அதைப் போட்டது வெக்கைக்காக அல்ல, விபத்துக்குப் பிறகு எரிந்துகொண்டே இருக்கும் கை நோவுக்காக. அந்த ஊசிக்கு வருமுன் வெக்கை ஏன் வருகிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். அது விளங்காவிட்டால் எந்தச் சிகிச்சை எந்த இடத்தில் கை வைக்கிறது என்று பிடிபடாது.

உடம்பின் சூட்டைக் கவனிக்கும் இடம் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது சாதாரணமாகப் பொறுத்துக்கொள்ளும். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்ததும் அங்குள்ள சில நரம்புக் கலங்கள் கடிவாளம் அறுந்தது போல வேலை செய்யத் தொடங்குகின்றன. பொறுமையின் எல்லை ஒடுங்கிப்போகிறது. ஒரு கோப்பை தேநீர், ஒரு போர்வை, சமையலறையில் பத்து நிமிடம் போதும், மூளை "உடம்பு எரிகிறது" என்று முடிவுகட்டி, தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்து வேர்வையைக் கொட்டுகிறது. வேறு ஊரில் அந்த வேர்வை காயும். கொழும்பின் ஈரக்காற்றில் அது காயாது, உடம்பிலேயே ஒட்டி நிற்கும். "இது ஊர் வெக்கைதானே" என்று நாங்கள் பல வருடம் இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கும் அதுதான் காரணம். அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் இந்த வெக்கை நீடித்த காலம் நடுத்தரமாக 7.4 வருடம். பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கக்கூடிய காலம் அல்ல அது.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பெண் ஈஸ்ட்ரஜன் எடுக்கலாமா, கூடாதா?

எடுக்கலாம் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முன்னுக்கு நிற்கிறது. ஹோர்மோன் மருந்து வெக்கையின் தடவைகளை ஏறக்குறைய 75 சதவீதம் குறைக்கிறது. வேறு எந்தக் குளிசையும் ஊசியும் அந்த அளவை உறுதியாகத் தொட்டதில்லை. எனக்கு 51 வயதில் வெக்கை வந்தபோது நான் பயந்து இரண்டு வருடம் வீணாக்கினேன். 2002இல் ஹோர்மோன் மருந்து பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று இடையில் நிறுத்தப்பட்ட செய்தி வந்தது, வார்டில் எல்லோரும் அதைப் பற்றியே கதைத்தது, ஹோர்மோன் எடுத்த டொக்டர்மாரே கைவிட்டது, எல்லாம் மனதில் பதிந்து கிடந்தது. அந்த ஆய்வின் எண்ணிக்கையை நான் பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். 16,608 பெண்கள், சராசரி வயது 63. ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டோஜன் என்ற மற்ற ஹோர்மோனும் சேர்த்து எடுத்த 10,000 பேரில் வருடத்துக்கு 8 பேருக்கு மேலதிகமாக மார்புப் புற்றுநோய், 8 பேருக்கு மேலதிகமாகப் பாரிசவாதம். ஆபத்து உண்மையானது. ஆனால் அது 63 வயதுப் பெண்ணின் கணக்கு. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும், வேறு தடை இல்லாத பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே கூட என்றுதான் இப்போது நிபுணர்கள் சொல்கிறார்கள். கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரஜனைத் தனியே எடுக்கக் கூடாது, புரொஜெஸ்டோஜன் சேரவேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. நான் எடுத்தேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் விடிய எழும்பி, இரவு எழும்பவே இல்லை என்று உணர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

மச்சாளுக்கு இந்த வழி அடைபட்டது. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹோர்மோன் கொடுத்துப் பார்த்த சுவீடன் நாட்டு ஆய்வொன்றில் நோய் திரும்பி வந்தவர்கள் கூடியதால் 2003இல் அதை நிறுத்தினார்கள். காலில், நுரையீரலில் இரத்தம் கட்டியவர்கள், மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இதே நிலைதான். கழுத்து ஊசி பற்றிய பேச்சு உண்மையில் இவர்களுக்கானது. வேறு தடை இல்லாமல், ஹோர்மோன் என்ற சொல்லுக்கே பயந்து ஊசியைத் தேடுபவர்கள் முதலில் தங்கள் பெண்நோயியல் டொக்டரிடம் அந்தப் பயத்தைக் கதைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இனி ஊசி. கழுத்தின் அடியில், முதலாவது விலா எலும்புக்குக் கிட்ட, நட்சத்திர வடிவில் ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. ஸ்டெலேட் காங்கிளியன் என்று அதற்குப் பெயர். முகம், கழுத்து, கை ஆகியவற்றின் இரத்தக் குழாய்களுக்கும் வேர்வைக்கும் போகும் தன்னியக்க நரம்புகள் அங்கே கூடுகின்றன. அதைச் சுற்றி பூப்பிவக்கெயின் போன்ற மரக்கச்செய்யும் மருந்தைச் சில மில்லிலீற்றர் விடுவதுதான் சிகிச்சை. நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, தோளுக்குக் கீழே மெல்லிய தலையணை வைத்து, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்ப்போம். "வாயைச் சும்மா திறந்து வைச்சிருங்கோ, விழுங்க வேண்டாம், கதைக்க வேண்டாம், ஏதும் எண்டால் கையை உயர்த்துங்கோ" என்று நான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். டொக்டர் இரண்டு விரலால் கழுத்து நாடியைத் தொட்டு ஒதுக்குவார். அந்தக் காலத்தில் விரலே வழிகாட்டி. இப்போது ஸ்கானிலோ எக்ஸ்ரே திரையிலோ பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குகிறார்கள், அப்படித்தான் போடவும் வேண்டும். ஊசி உள்ளே இருப்பது சில நிமிடம். பிறகு நான் நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்துக் கண்ணிமை மெல்லத் தாழும், கண்மணி சிறுக்கும், கண் சிவக்கும், மூக்கு அடைக்கும், உள்ளங்கை சூடாகும். மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சில மணித்தியாலத்தில் தானே மாறும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், கண்ணாடியைப் பார்த்த பெண் பாரிசவாதம் வந்துவிட்டது என்று அழத் தொடங்குவார். நான் கண்டிருக்கிறேன்.

குரல் கம்முவதும் தொண்டையில் ஏதோ அடைத்தது போல இருப்பதும் சாதாரணம். ஆகவே முதல் வாய்த் தண்ணீரை ஒரு தாதி பக்கத்தில் நிற்கத்தான் குடிக்கவேண்டும், புரை ஏறினால் நுரையீரலுக்குப் போய்விடும். கை சில நேரம் மரத்துப் பலமிழக்கும். பாரதூரமான ஆபத்துகள் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்லமுடியாது. மருந்து கழுத்தின் இரத்தக் குழாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். நுரையீரலின் மேல்நுனியில் ஊசி பட்டால் காற்றுக் கசியலாம். இரத்தம் கட்டியும் போகலாம். வோபரின், குளோப்பிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லாமல் அந்தக் கட்டிலில் ஏறக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் போடுவதும் இல்லை, மூச்சுக்கும் குரலுக்கும் ஆபத்து.

இவ்வளவையும் தாங்கி என்ன கிடைக்கும்? 2008இல் சிக்காகோவைச் சேர்ந்த யூஜீன் லிப்போவ் என்ற டொக்டரும் குழுவினரும் மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட 13 பெண்களுக்கு இந்த ஊசி போட்ட விவரத்தை வெளியிட்டார்கள். வாரத்துக்குச் சராசரி 79 தடவை வந்த வெக்கை, முதல் இரண்டு வாரத்தில் 50 ஆகவும், 12 வார முடிவில் 8 ஆகவும் இறங்கியது. மகள் கனடாவில் வாசித்தது அனேகமாக இந்த எண்ணிக்கையாகத்தான் இருக்கும். கேட்டவுடன் யாருக்கும் ஆசை வரும். மச்சாளின் முகமும் மலர்ந்தது.

ஆனால் அந்த 13 பேரோடு ஒப்பிட, ஊசி போடாத இன்னொரு கூட்டம் அங்கே இல்லை. வெக்கை விடயத்தில் இது பெரிய குறை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபக்சின் என்ற குளிசையை 2000ஆம் ஆண்டு சோதித்தபோது 75 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு வெக்கை 61 சதவீதம் குறைந்தது, மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் 27 சதவீதம் குறைந்தது. நம்பிக்கையும் கவனிப்புமே கால் பங்கைக் குறைத்துவிடுகின்றன. அப்படியிருக்க, கழுத்தில் ஊசி போடுவது போன்ற பெரிய காரியம் எவ்வளவு நம்பிக்கையைக் கொடுக்கும்!

2014இல் சிக்காகோவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் 40 பெண்களைக் கொண்டு இந்தக் குறையை நிவர்த்தி செய்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, மீதிப் பேருக்குத் தோலுக்குக் கீழே உப்புநீர். மொத்தத் தடவைகளில் இரு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நடுத்தரமான, கடுமையான வெக்கைகள் உண்மையான ஊசி போட்டவர்களுக்கு நாலு முதல் ஆறு மாதத்தில் 52 சதவீதம் குறைந்தன, மற்றவர்களுக்கு 4 சதவீதம் மட்டும். நல்ல முடிவுதான். என்றாலும் 40 பேர் என்பது சிறிய கூட்டம். கண்ணிமை தாழ்ந்தவருக்குத் தனக்குப் போட்டது எந்த ஊசி என்று ஊகிக்க முடிந்திருக்கும் என்பதையும் நான் மனதில் வைத்துக்கொள்கிறேன். மரக்கச்செய்யும் மருந்து சில மணித்தியாலத்தில் கரைந்துபோகிறது, பலன் மட்டும் மாதக்கணக்கில் எப்படி நீடிக்கிறது என்பதும் இன்னும் முழுதாக விளங்காத புதிர். சிலருக்கு இரண்டாவது ஊசியும் தேவைப்பட்டது.

வட அமெரிக்க மெனோபோஸ் சங்கம் 2023இல் ஹோர்மோன் அல்லாத சிகிச்சைகளை வரிசைப்படுத்தியபோது இந்த ஊசியைத் தள்ளிவிடவில்லை, பரிந்துரைத்தது. ஆனால் வென்லாஃபக்சின் வகை மருந்துகளுக்கும், கபாபென்டினுக்கும், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற மனநலச் சிகிச்சைக்கும் கொடுத்த உயர்ந்த சான்று நிலையை இதற்குக் கொடுக்கவில்லை. அந்த வரிசைதான் எனக்கும் நியாயமாகப் படுகிறது. குளிசை சரிவராவிட்டால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். ஊசியைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே மச்சாளிடம் அடுத்துக் கேட்டது: "வெக்கை கூட வாறது பகலிலயோ, இரவிலயோ?" இரவில் என்றார். அது எனக்குக் கபாபென்டினைக் காட்டியது. வலிப்புக்கும் நரம்பு நோவுக்கும் கொடுக்கும் பழைய மருந்து, பாமசிக்காரருக்கு நன்கு தெரிந்தது. மார்புப் புற்றுநோய் வந்த 420 பெண்களிடம் சோதித்து 2005இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 900 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு வெக்கையின் கடுமை எட்டு வாரத்தில் 46 சதவீதம் குறைந்தது, வெறும் குளிசைக்கு 15 சதவீதம். அதன் பக்கவிளைவே தூக்கம் என்பதால் இரவு வெக்கைக்குப் பொருந்தும். படுக்கப்போகும்போது 300 மில்லிகிராமில் தொடங்கி, டொக்டர் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார். தலைச்சுற்று வரும், இரவில் கழிவறைக்குப் போகும்போது லைற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து நடக்கவேண்டும். திடீரென்று நிறுத்தக்கூடாது.

பகல் வெக்கையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் நான் வென்லாஃபக்சினைப் பற்றி டொக்டரிடம் கேட்கச் சொல்லியிருப்பேன். முதல் வாரம் குமட்டும், பிறஷர் கொஞ்சம் ஏறலாம், அதையும் படிப்படியாகத்தான் நிறுத்தவேண்டும். இங்கே ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். அதே குடும்பத்தைப் போலத் தோன்றும் பரொக்செட்டினும் புளுவொக்செட்டினும் தமொக்சிபன் எடுப்பவருக்கு ஆகாது. ஈரலில் தமொக்சிபனைப் பலமுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதியை அவை தடுக்கின்றன. வேறொரு தனியார் கிளினிக்கில், தமொக்சிபன் எடுப்பதைக் கேட்காமலே ஒரு சிநேகிதிக்குப் பரொக்செட்டின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் துண்டைக் கொண்டுவந்து காட்டியதால் தப்பியது. எந்த டொக்டரிடம் போனாலும் எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் போட்டு மேசையில் கொட்டுங்கள்.

சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கும் ஒக்சிபியூட்டினினும் வெக்கையைக் குறைக்கிறது. வாய் காய்வதும், வயது போனவர்களுக்கு ஞாபகம் மங்குவதும் அதன் குறை. புதிதாக வந்தவை, மூளையில் வெக்கையைக் கிளப்பும் அந்த நரம்புக் கலங்களிலேயே கைவைக்கும் குளிசைகள். ஃபெசோலினெற்றன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2024 டிசெம்பரில் ஈரல் பாதிப்பு பற்றிய கடும் எச்சரிக்கை அதில் சேர்க்கப்பட்டது, ஈரல் இரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. எலின்சனெற்றன்ட் 2025இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. தமொக்சிபன் போன்ற மருந்து எடுக்கும் 474 பெண்களிடமே அதைத் தனியாகச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள், ஆகவே மச்சாள் போன்றவர்களுக்கு என் கண் அதில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாரோ சூட்கேசில் கொண்டுவரும் பெட்டியை நம்பித் தொடங்கவேண்டாம், இங்கே தொடர்ந்து கிடைக்குமா, பரிசோதனையை யார் பார்ப்பார் என்பதை மருத்துவரிடம் தீர்மானித்துவிட்டே தொடங்கவேண்டும்.

சாத்தாவாரிக் கஞ்சியைப் பற்றியும் கேட்டார். கஞ்சியாகக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. செறிவாக்கிய கப்சியூலாக, சோயாச் சத்தாக எடுப்பது வேறு விடயம். வெக்கைக்குப் பலன் என்பதற்கு நல்ல சான்று இல்லை, ஈஸ்ட்ரஜனால் வளரும் புற்றுநோய் வந்தவர் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கேட்காமல் தொடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்கவேண்டும். வெக்கை என்று நினைப்பது தைரொயிட் கூடியதால் வருவதாக இருக்கலாம், நீரிழிவு மருந்தால் சீனி இறங்குவதாக இருக்கலாம். இரவு வேர்வையோடு இருமலும் மெலிவும் இருந்தால் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை வேண்டும். 35 வயது தாண்டிய எவரும் தங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் இலவசமாகத் தொடங்கலாம். 1996இலிருந்து நடக்கும் சேவை அது. கொழும்பில் இருந்துகொண்டே அதைத் தெரியாத பெண்கள் எத்தனை பேர்!

நாங்கள் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக் கோடு போட்டோம். திகதி, பகல் எத்தனை, இரவு எத்தனை, கடுமை ஒன்றிலிருந்து மூன்று வரை, எழும்பினது எத்தனை தரம். எந்தச் சிகிச்சைக்கும் முன் இரண்டு வாரம், பிறகு ஒவ்வொரு நாளும். இது இல்லாமல் "கொஞ்சம் பரவாயில்லை" என்ற சொல்லை வைத்து ஒரு டொக்டராலும் முடிவெடுக்க முடியாது.

இரண்டு வாரம் கழித்து, புறக்கோட்டையில் 138 பஸ் ஏறி மகரகமவுக்கு இருவரும் போனோம். புற்றுநோய் டொக்டர் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இரவில் சராசரி ஒன்பது. கபாபென்டின் 300 எழுதினார், பத்து நாளில் கூட்டச் சொன்னார். கழுத்து ஊசியைப் பற்றி மச்சாளே கேட்டார். அவர் சிரிக்கவில்லை, தள்ளவும் இல்லை. கபாபென்டினும் வென்லாஃபக்சினும் சரிவராவிட்டால் மயக்கமருந்து நிபுணரிடம் கடிதம் தருவதாகச் சொன்னார். அப்படி ஒரு நாள் வந்தால் கேட்கவேண்டியவற்றை நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: இந்த ஊசியை அவர் எத்தனை தரம் போட்டிருக்கிறார், ஸ்கானில் பார்த்தா போடுவார், ஊசிக்குப் பிறகு எத்தனை மணித்தியாலம் கண்காணிப்பில் வைப்பார்கள், பலன் குறைந்தால் திரும்பப் போடுவாரா, தனியாரில் என்றால் கூடத்துக்கும் எக்ஸ்ரேக்கும் டொக்டருக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு.

ஐந்தாவது வாரத்துக் கணக்கை நேற்றுத் தொலைபேசியில் வாசித்தார். இரவில் நாலு, ஒரு நாள் மூன்று. காலையில் தலை கொஞ்சம் பாரமாக இருக்கிறதாம். தமொக்சிபன் ஒரு நாளும் விடவில்லை. துவாய் இரண்டாகியிருக்கிறது, தம்பி இன்னும் ஹோலில்தான் படுக்கிறான்.